சாஃப்ட்வேரை வாங்கலாம், பாடத்தை எங்கே வாங்குவது?

இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளம். டீ ஒன்று போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை. பி.காம். முடித்தவள். எஸ்ஏபி படித்தால் கம்பெனி வேலை நிச்சயம் என்று யாரோ சொல்ல, பெரியப்பா பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து ஒரு பயிற்சி நிலையத்தில் அவளைச் சேர்த்துவிட்டார். (நிலையத்தின் பெயர் வேண்டாம்.) மூன்று மாதம் முடிந்தபோது அவள் கையில் இருந்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டு. திரைப்படங்கள் எல்லாம் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தன (நான் சொல்வது கணினித் திரையின் படங்கள் :-)). பழகிப் பார்க்கக் கொடுத்த லாகின், கோர்ஸ் முடிந்த மறுநாளே வேலை செய்யவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கட்டை என் முன்னால் போட்டு அவள் கேட்டாள்: "ஏன்டா, எக்செலுக்குத் தெருவுக்குத் தெரு புத்தகம் விக்கிறான். இதுக்கு மட்டும் ஏன்டா உருப்படியா ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தேடிப் பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். தேடப் போனால் அது 500 வருஷத்துக் கதையாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று பூட்டுகள்

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். எக்செல், வேர்டு மாதிரி எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளுக்குப் புத்தகம் எழுதினால் லட்சம் பேர் வாங்குவார்கள். ஒரு நூற்பாலையின் சரக்கு இருப்பையோ, ஒரு வங்கியின் கடன் கணக்கையோ பார்க்கும் மென்பொருளுக்கு எழுதினால் எத்தனை பேர் வாங்குவார்கள்? அதனால் எழுதுகிறவர்கள் குறைவு. இது முதல் பூட்டு.

இரண்டாவது, அந்த மென்பொருளை வீட்டில் போட்டுப் பார்க்க முடியாது. விலையும் அதிகம், அதற்கு வேண்டிய கணினியும் பெரிது. நீச்சல் புத்தகம் இருந்தாலும் குளம் இல்லாத கதை.

மூன்றாவது பூட்டு நம் கண்ணுக்குத் தெரியாதது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது பாடத்தில் பாதிதான். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது மீதிப் பாதி. சரக்கு வந்து பில் வராவிட்டால் கணக்கில் என்ன செய்வது என்று தெரியாதவனுக்குத் திரையில் இருக்கும் கட்டங்கள் வெறும் கட்டங்கள்தான்.

இந்த மூன்று பூட்டுகளையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் திறந்திருக்கிறார்கள், சிலர் திரும்பப் பூட்டியும் இருக்கிறார்கள்.

வெனிஸ், 1494

கணினிக்கு முன்னால் வணிகத்தின் 'மென்பொருள்' எது? இரட்டைப் பதிவு முறைதான். பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு லூகா பசியோலி என்ற பெயர் நினைவிருக்கும். இத்தாலியத் துறவி, கணித ஆசிரியர். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான 'சும்மா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய கணிதப் புத்தகத்தில், கணக்கு எழுதும் முறைக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்.

பலரும் நினைப்பதுபோல இரட்டைப் பதிவை அவர் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலிய வணிகர்கள் அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு வணிகரின் கடையில் எடுபிடியாகச் சேர வேண்டும், அல்லது சொல்லிக் கொடுக்கும் ஆளைப் பிடிக்க வேண்டும். பசியோலி இளைஞராக இருந்தபோது வெனிஸில் ஒரு வணிகரின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராக இருந்தவர். தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அவர் செய்த காரியம் இரண்டு. நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என்று எந்தப் புத்தகத்தில் எதை எப்போது எழுத வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னார். அதைப் படித்தவர்களின் லத்தீனில் எழுதாமல், வணிகர்கள் பேசிய மொழியில் எழுதினார்.

அச்சின் மதிப்பைப் புரிந்துகொள்ள இன்னொருவரைப் பார்க்க வேண்டும். பெனடெட்டோ கொத்ருல்யி என்ற வணிகர் 1458-லேயே வணிகம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலும் இரட்டைப் பதிவு பற்றிய பகுதி உண்டு. ஆனால் அது அச்சானது 1573-இல்! 115 வருஷம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. முதலில் எழுதியவர் அவர், நம் பாடப்புத்தகத்தில் இருப்பவர் பசியோலி. அறிவு இருப்பது வேறு, அது கைக்குக் கிடைப்பது வேறு.

டீக்கடைக்காரர்களின் கணினி

அடுத்த காட்சி லண்டன். ஜே. லயன்ஸ் என்று ஒரு நிறுவனம். டீக்கடைகளும் பேக்கரிகளும் நடத்தியவர்கள். தினமும் ஆயிரக்கணக்கான பில்கள். ஒவ்வொரு பன்னிலும் கிடைக்கும் லாபமோ மிகச் சிறியது, கணக்குப் பார்க்கும் செலவே அதைத் தின்றுவிடும்.

1947-இல் தங்கள் மேலாளர்கள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி அலுவலக முறைகளைப் பார்த்து வரச் சொன்னார்கள். அவர்கள் புதிதாக வந்திருந்த மின்னணுக் கணினி பற்றி அறிந்து வந்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்குப் பண உதவி செய்து, அதைப் பின்பற்றித் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் பேக்கரிப் பொருள்களின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை அது செய்யத் தொடங்கியது. வழக்கமான அலுவலக வேலையைக் கணினி செய்த முதல் நிகழ்வாக அது சொல்லப்படுகிறது.

சரி, அதை இயக்க ஆட்களை எங்கே தேடுவது? புத்தகமும் கல்லூரியும் இல்லாத காலம். லயன்ஸ் தன் அலுவலகத்திலேயே தேடியது. ஊழியர்களுக்கு ஒரு அறிமுக வகுப்பு நடத்தி, தேர்வு வைத்து, தேறியவர்களை எடுத்துக்கொண்டது. அப்படி 1952-இல் வந்தவர் மேரி கூம்ஸ். அவர் படித்தது பிரெஞ்சு மொழி! வணிகக் கணினியில் நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அந்தக் குழுவை வழிநடத்திய டேவிட் கேமினரும் லயன்ஸ் அலுவலகத்தில் முறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்தான், பொறியாளர் அல்ல.

அவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க முடிந்தது. ஒரு டீக்கடையின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்றாவது பூட்டு என்று சொன்னேனே, அது லயன்ஸில் திறந்தே இருந்தது. அக்கா படித்த மாதிரி வகுப்புகளில் நேர் தலைகீழ். தொழிலைத் தொடாமல் திரையை மட்டும் காட்டிவிட்டு அனுப்புகிறார்கள்.

போட்டியாளர்கள் ஒரே மேசையில்

1955. ஐபிஎம் 704 என்ற கணினி வரப்போகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் போன்ற விமான நிறுவனங்கள் அதை வாங்கக் காத்திருந்தன. சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டி. ஆனால் எல்லோருக்கும் ஒரே தலைவலி. இயந்திரத்தைத்தான் ஐபிஎம் தரும், அதில் ஓட்ட வேண்டிய அடிப்படை நிரல்களில் பெரும்பகுதியைத் தாங்களே எழுத வேண்டும். ஒரே நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதுவது என்ன நியாயம்?

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் சாண்டா மோனிகாவில் உள்ள ராண்ட் நிறுவனத்தில் கூடி, 'ஷேர்' என்ற பயனர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரே 'பகிர்'! உறுப்பினர்கள் எழுதிய நிரல்களும் குறிப்புகளும் எல்லோருக்கும் சுற்றுக்கு விடப்பட்டன. மறு வருஷம், 1956-இல், வணிகக் கணக்குகளுக்குப் பெரிய ஐபிஎம் கணினிகளை வைத்திருந்தவர்கள் 'கைடு' என்று இன்னொரு சங்கம் தொடங்கினார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். குறைவான பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு நல்ல பாடம், அதே வேலையை அதே இயந்திரத்தில் செய்கிற இன்னொருவரிடம் இருக்கிறது. விற்றவருக்குக் கருவி தெரியும். அது எங்கே சிக்கிக்கொள்ளும் என்பது தினம் அதோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

1969: பாடத்துக்கு விலைச்சீட்டு

அந்தக் காலத்தில் ஐபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் மென்பொருள், உதவிக்கு வரும் பொறியாளர், பயிற்சி வகுப்பு எல்லாம் அதே வாடகையில் அடக்கம். கல்யாணச் சாப்பாடு மாதிரி, பாயசத்துக்குத் தனிக் காசு கிடையாது.

1969 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறை, ஐபிஎம் சந்தையை ஏகபோகமாக வைத்திருக்கிறது என்று வழக்குத் தொடுத்தது. அதே வருஷம் ஜூன் 23-ஆம் தேதி ஐபிஎம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: இனி பெரும்பாலான மென்பொருள், பொறியாளர் உதவி, வாடிக்கையாளர் பயிற்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. வழக்கின் நெருக்கடியும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதனால் நல்லதும் நடந்தது. மென்பொருளுக்குத் தனி விலை வந்ததால்தான் மென்பொருளை மட்டும் எழுதி விற்கும் நிறுவனங்கள் வளர முடிந்தது. இந்தியாவின் இன்றைய ஐ.டி. தொழிலுக்கும் அது ஒருவகையில் வேர். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. பாடம் ஒரு சரக்காகிவிட்டது. விலை உள்ள பொருளை யாரும் சும்மா தெருவில் போடமாட்டார்கள் அல்லவா? பெரியம்மாவின் வளையல் அடகுக்குப் போனதற்கும் 1969-க்கும் ஒரு நூலிழைத் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் அக்கா சிரிக்கிறாள். நான் சும்மா சொல்லவில்லை.

நம் ஊருக்கு வந்த கதை

இந்தியாவில் இருந்த ஐபிஎம், 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்காமல் 1978-இல் வெளியேறியது. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது. வாங்கிய ஊரில் விற்றவனே இல்லாத நிலை. இருந்தாலும் நம் ஆட்கள் அந்த இயந்திரங்களை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஐபிஎம் திரும்பி வந்தது 1992-இல், டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து.

1981-இல் என்ஐஐடி, 1986-இல் ஆப்டெக் என்று கணினிப் பயிற்சி நிலையங்கள் பிறந்தன. பிறகு 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்தது. பழைய நிரல்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 00 வந்தால் அது 1900-ஆ 2000-ஆ என்று கணினிக்குத் தெரியாது. அந்த நிரல்களில் பெரும்பகுதி கோபோல் மொழியில் இருந்தன.

(எங்கள் வகுப்பில் ஆசிரியர் முதல் முறை இந்தப் பெயரைச் சொன்னபோது, கிட்டத்தட்ட அதே பெயருள்ள பையன் "யெஸ் சார்" என்று எழுந்து நின்றுவிட்டான்.)

கோபோல் பிறந்த கதையும் நம் விஷயத்தோடு தொடர்புள்ளதுதான். 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய குழு அதை வடிவமைத்தது. கிரேஸ் ஹாப்பர் முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி அதற்கு முன்மாதிரி. கணிதக் குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களை வைத்தார்கள். அலுவலக மேலாளரும் படித்தால் புரிய வேண்டும் என்பது நோக்கம். நிரலே பாடமாக இருக்கட்டும் என்ற ஆசை!

1990-களின் கடைசியில் அந்த மொழியை நம் ஊர்ப் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாகப் படித்தார்கள். மெயின்பிரேம் கணினியைக் கண்ணால் கூடப் பார்க்காமல் நோட்டில் நிரல் எழுதிப் பழகியவர்கள் அநேகம். அந்தக் காலத்தில்தான் ஜெராக்ஸ் பாடமும் பெருகியது. ஹைதராபாத்தில் அமீர்பேட் என்ற பகுதி இதற்குப் பெயர் போனது. ஒரே தெருவில் வரிசையாகப் பயிற்சி நிலையங்கள், கீழேயே அந்தந்தப் பாடத்தின் குறிப்புகளை நகலெடுத்து விற்கும் கடைகள். வகுப்பில் ஒருவர் எழுதிய நோட்டு நகலின் நகலாகக் கடல் கடந்தும் போனது. அக்காவின் கருப்புப் பக்கங்களும் இந்தப் பரம்பரையில் வந்தவைதான்.

எஸ்ஏபி: ஜெர்மன் பேசும் கட்டங்கள்

இனி அக்காவின் விஷயத்துக்கு வருவோம். 1972-இல் ஜெர்மனியில் ஐபிஎம்மில் இருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் எஸ்ஏபி. டீட்மார் ஹாப், ஹாசோ பிளாட்னர், கிளாஸ் சீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளாஸ் வெல்லன்ராய்தர் என்று ஐவர். முதல் வாடிக்கையாளர் ஊஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்த ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. இவர்களிடம் சொந்தக் கணினி இல்லை. வாடிக்கையாளரின் கணினியில், அவர்களுடைய அலுவலகத்திலேயே உட்கார்ந்துதான் எழுதினார்கள். கணக்கர்கள் பக்கத்தில் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். லயன்ஸ் கதைதான் மறுபடியும்.

அந்தப் பிறப்பின் அடையாளம் இன்னும் அழியவில்லை. அக்கா ஒரு மாதமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த கட்டங்களின் பெயர்கள்: பெல்னர், குன்னர், லிஃப்னர். மந்திரம் மாதிரி இருக்கிறதா? ஜெர்மனில் 'பெலெக்' என்றால் கணக்கு ஆவணம், 'குண்டெ' என்றால் வாடிக்கையாளர், 'லீஃபெரான்ட்' என்றால் சப்ளையர். கடைசியில் வரும் 'னர்', எண் என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அதாவது ஆவண எண், வாடிக்கையாளர் எண், சப்ளையர் எண். இதைச் சொன்னதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவ்வளவுதானா? இதை அந்த சார் ஒரு நாள்கூட சொல்லலையேடா!"

ஏபாப் என்ற அவர்களுடைய நிரல் மொழியின் பெயரும் முதலில் ஒரு ஜெர்மன் சொற்றொடரின் சுருக்கம்தான். பொது அறிக்கை தயாரிக்கும் கருவி என்கிற மாதிரிப் பொருள்.

1992-இல் ஆர்/3 என்ற வடிவம் வந்தபிறகு எஸ்ஏபி உலகம் முழுக்கப் பரவியது. அதைத் தெரிந்த ஆட்கள் போதவில்லை, அதனால் தெரிந்தவர்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. பயிற்சிக் கட்டணமும் ஏறியது. அந்த நேரத்திலும் ஷேர் சங்கத்தின் வழியில் பயனர்கள் கூடினார்கள். அமெரிக்காவில் 1991-இல் ஒரு சங்கம், ஜெர்மனியில் 1997-இல் ஒரு சங்கம். நிறுவனமும் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தது. தன் உதவிப் பக்கங்களை இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்தது. 2013-இல் ஓபன்எஸ்ஏபி என்ற பெயரில் இலவசப் பாடங்கள் தொடங்கியது.

டேலி: 1, 2, 31

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர், ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் பிறந்தது, பின்னாளில் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதற்கு முந்தைய கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்க வேண்டும். டேலியில் அது வேண்டாம். 'வாடகைக் கணக்கு' என்று பெயரைப் போட்டால் போதும், நோட்டில் எழுதுகிற மாதிரியே. கணக்கப்பிள்ளைக்கு முன்பே தெரிந்ததை வைத்துக் கட்டிய மென்பொருள், அதனால் பாதிப் பாடம் மிச்சம். எஃப்5 செலவு, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை என்று ஒருமுறை விரலுக்குப் பழகினால் மறக்காது.

இரண்டாவது பூட்டையும் அவர்கள் திறந்தார்கள். உரிமம் இல்லாமலே கல்வி வடிவமாக டேலியை ஓட்டலாம். ஒரே கட்டுப்பாடு, 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். நம் வகுப்பில் எல்லோருடைய கற்பனைக் கம்பெனியும் மாதத்தில் மூன்றே நாள் வியாபாரம் செய்வதன் ரகசியம் இதுதான்! கடைக்காரர் இதை வைத்து நிஜக் கணக்கு எழுத முடியாது, மாணவர் முழுசாகப் படிக்கலாம். தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வரி வந்தபோதும், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் சின்ன ஊர்களில்கூடச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது என்றால், அதற்கு இப்படிப் பழகியவர்கள் ஊர்தோறும் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாடம் வற்றினால் என்ன ஆகும்?

இதெல்லாம் வேலை தேடுகிறவர்களின் கவலை மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். மாநிலத்தின் பழைய கணினி அமைப்புகள் திணறின. ஆளுநர் ஃபில் மர்ஃபி பேட்டியில், கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார். 60 வயதைத் தாண்டிய ஒரு மொழிக்கு!

குற்றம் கோபோல் மீதா, இத்தனை வருஷம் அமைப்பைப் பராமரிக்காதவர்கள் மீதா என்று பிறகு வாதம் நடந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். மொழி எங்கும் போய்விடவில்லை, அதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுப்பது பல இடங்களில் நின்றுபோயிருந்தது. உதவித்தொகைக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. அதே மாதம் ஐபிஎம்மும் ஓபன் மெயின்பிரேம் திட்டமும் சேர்ந்து இலவசக் கோபோல் பாடத்தை அறிவித்தன. தண்ணீர் வற்றிய பிறகு கிணறு வெட்டிய மாதிரிதான், இருந்தாலும் வெட்டினார்களே.

அக்காவும் நானும் செய்தது

இந்த வரலாற்றைப் படித்த பிறகு நாங்கள் தேடும் விதமே மாறியது. அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று சொல்கிறேன்.

ஒன்று, விற்கிறவரின் வாசலை முதலில் தட்டினோம். நிறுவனத்தின் சொந்த உதவிப் பக்கங்கள் பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் ஜெராக்ஸ் கட்டில் ஒரு வரியில் முடிந்த விஷயம் அங்கே முழுசாக இருந்தது. அவர்கள் வைத்திருக்கும் இலவசப் பாடம், கல்வி வடிவம், மாணவர் திட்டம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே பணம் கட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். மெயின்பிரேம் ஆசை உள்ளவர்களுக்கு ஐபிஎம் மாணவர்களுக்கென்று நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் இருக்கிறது. கோபோலுக்கு இலவசமான ஜிஎன்யு கோபோல் இருக்கிறது.

இரண்டு, பழைய கையேடுகள். பிட்சேவர்ஸ் என்ற காப்பகத்தில் பழைய கணினிக் கையேடுகள் ஏராளமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் புதிதாக வருபவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதினார்கள், அதனால் நமக்குப் புரிகிறது.

மூன்று, பெயர்களை அவிழ்த்துப் பார்த்தோம். புரியாத சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஊரும் ஒரு மொழியும் இருக்கிறது.

நான்கு, இதுதான் பெரியது. தொழிலைப் பார்க்கப் போனோம். எங்கள் மாமா ஒருவர் நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், பஞ்சுப் பொதி கேட்டில் நுழைவதில் இருந்து பணம் பட்டுவாடா ஆகும் வரை என்னென்ன காகிதம் எழுதப்படுகிறது என்று கேட்டு ஒரு தாளில் வரைந்தோம். சரக்கு வரவுச் சீட்டு, பில், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, பிறகு பணம். அந்தத் தாளை ஜெராக்ஸ் கட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கருப்புப் படங்கள்கூடப் பேச ஆரம்பித்தன. லயன்ஸ்காரர்கள் 1951-இல் கண்டுகொண்டது எங்களுக்கு மாமா வீட்டுத் திண்ணையில் புரிந்தது.

அக்காவுக்கு எஸ்ஏபி ஆலோசகர் வேலை கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆலையில் கணக்குப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தாள். நேர்முகத் தேர்வில் கேட்டது, "சரக்கு வந்துவிட்டது, பில் வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பதுதானாம். அவள் எந்தத் திரை என்று ஆரம்பிக்காமல், கேட்டில் பொதி நுழைவதில் இருந்து ஆரம்பித்திருக்கிறாள். ஆறு மாதம் கழித்து அங்கே எஸ்ஏபி லாகினும் கொடுத்தார்கள். பெரியம்மாவின் வளையல் போன மாதம்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசை மேல் இருநூறு பக்க நோட்டு ஒன்று. எந்த வேலைக்கு எந்தத் திரை, எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும், தப்பாகிவிட்டால் எப்படித் திருத்துவது என்று எல்லாம் தமிழில், படம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். "யாருக்கு அக்கா இது?" என்றேன்.

"திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு சேருதுடா. அதுக்கு."

பசியோலியைப் பற்றி அவளிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், அதனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வேலையிலோ படிப்பிலோ, தேடியும் கிடைக்காமல் நீங்களாகவே முட்டி மோதிக் கற்றுக்கொண்ட விஷயம் ஏதாவது இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் இடத்துக்கு அடுத்து வருகிறவர் அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.